இணையவழிப் பாடமும் கற்பித்தற் கோட்பாடும்: ஒரு திறனாய்வு

2020ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, நம் இறையியல் கல்லூரிகளின் வகுப்பறைகளும் மூடப்பட்டன. சில வாரங்களுக்குள் ஆசிரியர்கள் கணினியின் முன்னும் செல்பேசியின் முன்னும் அமர்ந்து விரிவுரை ஆற்றத் தொடங்கினர். அவ்வாறு கற்பிப்பது எப்படி என்று அவர்களுக்கு எவரும் கற்றுத் தரவில்லை. அதற்குக் காலமும் இருக்கவில்லை. ஆகவே அந்நாள்களில் நடந்தது குறை கூறத்தக்கதன்று. அதே மாத இறுதியில் சார்ல்சு ஹாட்ஜசும் அவருடைய தோழர்களும் அமெரிக்காவில் வெளியிட்ட ஒரு கட்டுரை, இடுக்கண் காலத்தில் தொலைவிலிருந்து கற்பிப்பது வேறு, திட்டமிட்டு அமைக்கப்படும் இணையவழிக் கல்வி வேறு என்று பிரித்துக் காட்டியது. முன்னதைக் கொண்டு பின்னதை எடைபோடலாகாது என்பது அவர்கள் கருத்து.

ஆயினும் இடுக்கண் நீங்கிய பின்னரும் அன்றைய வழக்கங்களிற் பல நம்மிடையே தங்கிவிட்டன. பதிவு செய்யப்பட்ட விரிவுரை, வாட்சாப் குழுவில் அனுப்பப்படும் குறிப்பு, நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் தேர்வு ஆகிய மூன்றும் சேர்ந்தால் அதுவே இணையவழி இறையியற் கல்வி என்று எண்ணப்படுகிறது. இவ்வழக்கங்கள் எந்தக் கற்பித்தற் கோட்பாட்டின்மீது நிற்கின்றன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கோட்பாடு இன்றி அமைந்த பாடம் எதுவுமில்லை. ஆசிரியர் தம் கோட்பாட்டை அறிந்து தெரிந்துகொள்ளாவிடில், கருவியைச் செய்தவரின் கோட்பாடு அவர் அறியாமலே அவருடைய பாடத்துள் புகுந்துவிடும்.

ஆய்வு வானத்தில் மிதவாதிருக்கும் பொருட்டு, பிலேமோனுக்கு எழுதப்பட்ட நிருபத்தை ஒரு பாடமாக எடுத்துக்கொள்வோம். 25 வசனங்களே கொண்ட இந்நிருபத்தை, கல்லூரியிலிருந்து வெகுதொலைவில் ஒரு சிற்றூர்ச் சபையில் ஊழியம் செய்யும் ஒருவருக்குச் செல்பேசி வழியாகக் கற்பிக்க வேண்டியுள்ளது எனக் கொள்வோம். ஒவ்வொரு கோட்பாடும் இப்பாடத்தை எவ்வாறு அமைக்கும்?

1. ஊர்தியும் சரக்கும்

ஊடகத்தைப் பற்றிய ஒரு பழைய வழக்கை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். 1983இல் ரிச்சர்டு கிளார்க்கு என்னும் அமெரிக்கக் கல்வியாளர், அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, ஊடகம் எதுவும் தானாகக் கற்றலை விளைவிப்பதில்லை என்று முடிவு கூறினார். மளிகைப் பொருளை ஏற்றி வரும் லாரியால் நம் உணவின் சத்து மாறாதது போல, பாடத்தை ஏந்தி வரும் ஊடகத்தாலும் கற்றல் மாறுவதில்லை. கற்பிக்கும் முறையே மாற்றத்தை விளைவிக்கிறது என்பது அவர் வாதம். 1991இல் ராபர்ட்டு காஸ்மா இதனை மறுத்தார். ஒவ்வோர் ஊடகத்துக்கும் தனக்கே உரிய ஆற்றல்கள் உண்டு என்றும், கற்பவர் அவற்றோடு உறவாடியே அறிவை உருவாக்கிக்கொள்கிறார் என்றும் அவர் வற்புறுத்தினார்.

கிளார்க்கின் கூற்றிற் பெரும்பகுதி ஏற்கத்தக்கது. மோசமான விரிவுரையைத் தெளிவான ஒளிப்பதிவாக்கினால் அது தெளிவாகத் தெரியும் மோசமான விரிவுரையாகும், வேறொன்றுமன்று. ஆனால் லாரியின் அளவு சரக்கையும் தீர்மானிக்கும் என்பதை அவர் போதிய அளவு கருதவில்லை. கணினி தானே திருத்தக்கூடிய வினாக்களையே கேட்பது எளிது. ஆகவே அத்தகைய வினாக்களையே கேட்கத் தொடங்குகிறோம். நாளடைவில், கணினியால் திருத்த இயன்றதே அறிவு என்று நம்பவும் தலைப்படுகிறோம். ஊடகத்தின் தாக்கம் இவ்வாறு ஆசிரியரின் சோம்பலின் வழியாகவே பெரிதும் செயற்படுகிறது.

2. ஸ்கின்னரும் சிறு படிகளும்

நடத்தையியல் அறிஞர் ஸ்கின்னர் 1953இல் தம் மகளின் கணித வகுப்பைக் காணச் சென்றார். மாணவர் அனைவரும் ஒரே வேகத்தில் செல்ல வேண்டியிருந்ததையும், தம் விடை சரியா தவறா என்று உடனே அறிய இயலாதிருந்ததையும் கண்டு அவர் வருந்தினார். அதன் பயனாகவே அவருடைய கற்பிக்கும் எந்திரம் உருவாயிற்று. பாடம் மிகச் சிறு படிகளாகப் பிரிக்கப்படும்; கற்பவர் ஒவ்வொரு படியிலும் விடையைத் தம் கையால் எழுதுவார்; உடனே சரியான விடை வெளிப்படும்; அவர் தம் வேகத்திலேயே மேற்செல்வார்.

நம்மில் பலர் ஸ்கின்னரை, மனிதரைப் புறாக்களுக்கு ஒப்பாக்கியவர் என்று இகழ்ந்து ஒதுக்குகிறோம். அவருடைய மனிதக் கொள்கை குறையுடையதே. ஆயினும் இன்று நாம் நடத்தும் இணையவழித் தேர்வுகள் அவருடைய தரத்தையும் எட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவருக்கு முன்னரே, 1920களில், சிட்னி பிரெசி என்பவர் பல விடைகளுள் ஒன்றைப் பொத்தானை அழுத்தித் தெரிந்தெடுக்கும் எந்திரத்தைச் செய்திருந்தார். ஸ்கின்னர் அதனை ஏற்கவில்லை. கற்பவர் விடையைத் தாமே ஆக்க வேண்டும் என்றும், தவறான விடைகளை அவர்முன் விரித்து வைப்பது தீங்கு என்றும் அவர் கருதினார். நாமோ பிரெசியின் பொத்தானையே செல்பேசிக்குள் வைத்துக்கொண்டு, புதுமை செய்துவிட்டதாக எண்ணுகிறோம்.

விடையை நினைவிலிருந்து வருவித்து எழுதுவதன் பயனைப் பிற்கால ஆய்வும் உறுதிப்படுத்தியது. 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் நடத்திய சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடங்களுக்குப் பின் நடந்த தேர்வில் மேம்பட்டிருந்தனர். ஆனால் ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, நூலை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே மேம்பட்டிருந்தனர். விரிவுரையை இருமுறை ஓடவிட்டுக் கேட்டவர் தமக்குப் பாடம் விளங்கிவிட்டது என்று நம்புவார். அந்நம்பிக்கை அவரை ஏமாற்றக்கூடும்.

ஆகவே நம் பாடத்தில், மாணவர் நிருபத்தைப் படித்து மூடிய பின், எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், ஒநேசிமுவைக் குறித்து என்ன வேண்டினார் என்று தம் சொற்களில் எழுதட்டும். அந்த அளவுக்கு ஸ்கின்னர் நமக்கு உதவுவார். அதற்கு மேல் அவரால் வர இயலாது. ஏனெனில் அவருடைய முறை, விடை முன்னரே முடிவாகியிருக்கும் வினாக்களுக்கே உரியது. ஒநேசிமுவை விடுதலை செய்யும்படி பவுல் கேட்டாரா, அன்றி ஏற்றுக்கொள்ளும்படி மட்டும் கேட்டாரா என்பது அறிஞர்கள் இன்றும் விவாதிக்கும் வினா. கோடிட்ட இடத்தை நிரப்பி அதற்கு விடை காண இயலாது.

3. பிரெய்ரேயும் வங்கியும்

பவுலோ பிரெய்ரே 1963இல் வடகிழக்குப் பிரேசிலின் அஞ்சிக்கோசு என்னும் ஊரில் ஏறத்தாழ 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேர வகுப்புகளில் எழுத்தறிவு கற்பித்தார். மறு ஆண்டில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அவர் சிறைப்பட்டு, பின் நாடு கடந்து வாழ நேர்ந்தது. 1970இலிருந்து பத்தாண்டுகள் ஜெனீவாவில் உலகத் திருச்சபைகள் மன்றத்தில் பணியாற்றியமையால், அவர் பெயர் நம் கல்லூரிகளுக்கு நன்கு அறிமுகமானது. ஆசிரியர் பணம் போடுபவராகவும் மாணவர் அதனை வாங்கிக் காக்கும் பெட்டியாகவும் அமைவதை அவர் வங்கி முறைக் கல்வி என்று கண்டித்தார்.

அவருடைய நோக்கில் பதிவு செய்யப்பட்ட விரிவுரை, வங்கிமுறையின் முழு வளர்ச்சி எனலாம். வகுப்பறை விரிவுரையிலாவது மாணவர் கை உயர்த்தி இடைமறிக்கலாம். ஒளிப்பதிவை நிறுத்தலாமே யன்றி இடைமறிக்க இயலாது. பிரெய்ரே நம் பாடத்தை வேறோரிடத்தில் தொடங்குவார். நிருபத்தைத் திறக்கு முன், மாணவர் தம் சபையில் எவர் எவரோடு ஒரே பாயில் அமர்வதில்லை, எவர் வீட்டு நீரை எவர் அருந்துவதில்லை, கல்லறைத் தோட்டத்தில் எவருக்கு எந்த மூலை என்று கண்டு வரும்படி கேட்பார். அதன் பின்னரே, அடிமையைச் சகோதரனாக ஏற்கும்படி வேண்டும் 16ஆம் வசனம் படிக்கப்படும். சாதி நம் சபைகளை விட்டு அகலவில்லை என்பதை அறிந்தவர் எவரும் இத்தொடக்கத்தின் வன்மையை மறுக்கமாட்டார்.

ஆனால் இங்கு ஒரு தடை உண்டு. பிரெய்ரேயின் வட்டத்தில் பேசப்பட்டது அவ்வட்டத்தோடு நின்றது. இணையத்தில் எழுதப்படுவதோ நிலைத்து நிற்கும். ஒரே தொடுகையில் வேறோரிடத்துக்குச் செல்லும். தம் சபையின் செல்வாக்குடைய குடும்பத்தைப் பற்றி ஒரு மாணவர் குழுவில் எழுதும் நான்கு வரிகள், மறுநாள் அக்குடும்பத்தின் செல்பேசியிலேயே வந்து சேரலாம். இதனை அறிந்த மாணவர் மௌனம் சாதிப்பார். அல்லது எல்லாரும் ஒன்றே எனப் பொதுவாக எழுதி முடிப்பார். ‘உங்கள் கருத்தைப் பதிவு செய்க’ என்னும் கட்டளையால் உரையாடல் பிறந்துவிடாது. சுதந்தரமாகப் பேச வேண்டியவை பதிவின்றி, சிறு குழுவில், இயலுமாயின் நேரில் பேசப்பட வேண்டும். எதனை இணையத்தில் வைக்கலாகாது என்று முடிவு செய்வதும் இணையவழிப் பாட அமைப்பின் ஒரு பகுதியே.

4. மூரும் தொலைவின் பொருளும்

தொலைவிலிருந்து கற்பித்தலுக்கே உரிய கோட்பாட்டை 1970களில் வகுக்கத் தொடங்கி, 1993இல் விரிவாக எழுதியவர் மைக்கேல் மூர். தொலைவு என்பது மைல் கணக்கன்று என்பது அவர் கண்ட உண்மை. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே உரையாடல் எவ்வளவு குறைவோ, பாடத்தின் கட்டமைப்பு எவ்வளவு இறுக்கமோ, அவ்வளவுக்குத் தொலைவு பெருகும். தொலைவு பெருகுந்தோறும் மாணவர் தாமே தம்மை நடத்திக்கொள்ளும் ஆற்றலை மிகுதியாகப் பெற்றிருக்க வேண்டும். இவ்வளவையால் அளந்தால், நூறு பேர் அமர்ந்து குறிப்பெடுக்கும் வகுப்பறை வெகுதொலைவிலுள்ளது. ஆசிரியர் திருத்தி அனுப்பும் அஞ்சல்வழிக் கட்டுரை அதனினும் அண்மையிலுள்ளது. 1971இல் கற்பிக்கத் தொடங்கிய பிரிட்டனின் திறந்த பல்கலைக்கழகம், வானொலியையும் தொலைக்காட்சியையும் கையாண்டபோதிலும், ஒவ்வொரு மாணவருக்கும் அவர் கட்டுரையைத் திருத்திக் கருத்தெழுதும் ஓர் ஆசிரியரை அமர்த்தியதன் பொருள் இதுவே.

இக்கோட்பாட்டைப் புறக்கணித்ததன் விளைவை அண்மைக்கால வரலாறு காட்டுகிறது. 2011இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை அறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாக அளித்தபோது ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவு செய்தனர். இறுதிவரை சென்றவர் 20,000க்குச் சற்று மேற்பட்டவரே. இத்துணைப் பேர் தாமே கற்று முடித்தது பெரிய செயலே. ஆனால் அவர்கள் எத்தகையோர் என்று ஆராயாமல், அதே முறை எல்லாருக்கும் பொருந்தும் என்று கருதப்பட்டது. அப்பாடத்தை நடத்தியவர்களுள் ஒருவர் நிறுவிய உடாசிட்டி நிறுவனம், 2013இல் கலிபோர்னியாவின் சான் ஓசே அரசுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தொடக்கநிலைக் கணிதப் பாடங்களை இணையவழி நடத்தியது. முதற் பருவத்தில் தேர்ச்சி வளாக வகுப்புகளைவிட மிகத் தாழ்ந்தது. அவ்வாண்டு சூலையில் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. அதே நிறுவனத்தின் துணையோடு ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகம் 2014இல் தொடங்கிய கணினியியல் முதுகலைப் பாடத்திலோ ஆயிரக்கணக்கானோர் பட்டம் பெற்றுள்ளனர். அங்குக் கற்றவர்கள் ஏற்கெனவே பட்டம் பெற்றுப் பணியிலிருந்தவர்கள். பயிற்சிகளைத் திருத்தி ஐயம் தீர்க்கத் துணையாசிரியர்களும் அமர்த்தப்பட்டிருந்தனர். மூரின் கோட்பாடு இவ்வேறுபாட்டை நன்கு விளக்குகிறது.

நம் சிற்றூர் ஊழியர் பகலில் வீடு சந்திப்பும், மாலையில் ஜெபக்கூட்டமும், இடையே குடும்பப் பொறுப்பும் உடையவர். அவரிடம் இருபது ஒளிப்பதிவுகளைக் கொடுத்து, தாமே கற்றுக்கொள்க என்பது, தன்னாட்சி மிகுதியும் தேவைப்படும் பாடத்தை அதற்கு நேரமே இல்லாதவர்மீது சுமத்துவதாகும். மூரின் கோட்பாட்டிலும் ஒரு குறை உண்டு. உரையாடல் எவ்வளவு வேண்டும் என்று அது கேட்கிறதேயன்றி, எதைக் குறித்து, எவரோடு என்று கேட்பதில்லை. அவ்விடத்தில் பிரெய்ரே மீண்டும் தேவைப்படுகிறார்.

5. பிரசன்னம் என்னும் சொல்

2000இல் கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் ஆகிய மூவரும் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்ட கோட்பாடு இன்று இணையவழிக் கல்வியில் பெரிதும் எடுத்தாளப்படுகிறது. கற்போர் குழுவில் மூவகைப் பிரசன்னம் வேண்டும் என்கின்றனர் அவர்கள். ஒருவர் பிறருக்கு மெய்யான ஆளாக விளங்குவது சமூகப் பிரசன்னம். வினாவில் தொடங்கி ஆராய்ந்து முடிவு காண்பது அறிவுப் பிரசன்னம். பாடத்தை அமைத்து, உரையாடலை நடத்தி, தேவையான இடத்தில் நேரே கற்பிப்பது ஆசிரியப் பிரசன்னம்.

நமக்கு நெருங்கிய சொல்லாயிற்றே என்று இதனை எளிதில் தழுவிக்கொள்ளலாகாது. 2009இல் ரூர்க்கு, கனூக்கா என்னும் இருவர், இக்கோட்பாட்டை ஒட்டிய ஆய்வுகளிற் பெரும்பாலானவை மாணவர் உண்மையில் எதைக் கற்றனர் என்பதை அளக்கவில்லை என்றும், கற்றதாக அவர்கள் உணர்ந்ததையே கேட்டறிந்தன என்றும் சுட்டிக்காட்டினர். தம் கோட்பாடு கற்றல் நிகழும் முறையை விளக்குவதேயன்றி விளைவை அளப்பதன்று என்று மறுதரப்பினர் விடையிறுத்தனர். அவ்விடை நேர்மையானதே, ஆயினும் எச்சரிக்கை எஞ்சி நிற்கிறது. வாட்சாப் குழுவில் அன்பான வாழ்த்துகளும் ஆமென்களும் குவிவதைக் கண்டு கல்வி நடந்தேறியது என்று நாம் மகிழக்கூடும்.

திரையில் முகம் தோன்றுவதும் பிரசன்னமன்று. ஒரு மணி நேரம் திரையில் பேசி மறையும் ஆசிரியரினும், மாணவர் எழுதிய பக்கத்தைப் படித்து, ‘இவ்விடத்தில் நிருபம் சொல்லாததை நீர் சொல்கிறீர், மீண்டும் நோக்குக’ என்று மூன்று வரி எழுதும் ஆசிரியரே அவருக்கு அண்மையில் இருக்கிறார். மாணவர் செய்ததற்கு விடையிறுப்பவரே பிரசன்னமாயிருப்பவர்.

6. வேலியின் கம்பங்கள்

இவ்வனைத்தும் நமக்குப் புதியன அல்ல. 1963இல் குவாத்தமாலாவின் பிரெஸ்பிட்டேரிய இறையியற் கல்லூரியில் ஜேம்ஸ் எமரி, ரால்ப் விண்டர், ராஸ் கின்சுலர் முதலானோர் ஊழியர்களை அவர்கள் வாழும் இடத்திலிருந்து பிரிக்காமல் கற்பிக்கும் முறையை உருவாக்கினர். இறையியல் விரிவாக்கக் கல்வி எனப்பட்ட அவ்வியக்கம் பல நாடுகளுக்கும் பரவியது. 1971இல் இந்தியாவிலும் பெங்களூரை நடுவாகக் கொண்டு அதற்கென ஒரு கழகம் அமைந்தது. அமெரிக்கக் கல்வியாளர் டெட் வார்டு இம்முறையை ஒரு மர வேலிக்கு ஒப்பிட்டார். வேலியின் மேற்சட்டம் மாணவர் வீட்டில் கற்கும் பாடநூல்; கீழ்ச்சட்டம் அவருடைய ஊழிய அனுபவம்; இவ்விரண்டையும் குறித்த இடைவெளிகளில் பிணைத்து நிறுத்தும் கம்பங்கள், ஆசிரியரோடும் உடன் கற்போரோடும் கூடும் கூட்டங்கள்.

இவ்வுவமை இணையவழிப் பாடத்துக்கு இன்றும் நல்ல அளவுகோல். மேற்சட்டத்துக்கு ஸ்கின்னர் உதவுவார். கீழ்ச்சட்டத்தைப் பிரெய்ரே காட்டுவார். கம்பங்களை எவ்வளவு நெருக்கமாக நடவேண்டும் என்று மூர் கூறுவார். கம்பத்தருகே நிகழவேண்டியதைக் கேரிசன் விளக்குவார். ஆனால் செலவு நெருக்கும்போது முதலில் பிடுங்கப்படுவது கம்பமே. பாடநூலை ஒருமுறை அச்சிட்டால் போதும். கூட்டத்துக்கோ ஒவ்வொரு முறையும் ஓர் ஆசிரியர் பேருந்து ஏறிச் செல்ல வேண்டும். இன்றைய நிலையும் அதுவே. ஒளிப்பதிவை ஒருமுறை செய்தால் போதும். ஐம்பது பேர் எழுதிய பக்கங்களைப் படிக்க ஒவ்வொரு வாரமும் ஆள் வேண்டும். இணையவழிக் கல்வி செலவு குறைந்தது என்று கருதும் நிருவாகக் குழு, பெரும்பாலும் கம்பமில்லாத வேலிக்கே விலை பேசுகிறது.

7. முடிவுரை

எடுத்துக்கொண்ட நிருபத்தை மீண்டும் நோக்கினால், அதுவே தொலைவிலிருந்து கற்பித்த ஒரு பாடமாயிருப்பதைக் காணலாம். கட்டுண்டிருந்த ஒருவர் தம்மால் நேரில் செல்ல இயலாத இடத்துக்கு எழுதுகிறார். பிலேமோனை நோக்கிப் பேசினாலும், அப்பியாளையும் அர்க்கிப்பையும் வீட்டிலே கூடும் சபையையும் சேர்த்தே விளிக்கிறார். ஆகவே அது தனியே படித்து மடித்து வைக்கத்தக்கதன்று. கட்டளையிட உரிமை உண்டு என்று கூறியும், பிலேமோனின் சம்மதமின்றி எதுவும் செய்ய மனமில்லை என்கிறார். விடை கற்பவரிடம் விடப்படுகிறது. பாடத்தின் பொருளாகிய ஒநேசிமுவே அனுப்பப்பட்டு வாயிலில் நிற்கிறார். அவரை ஏற்பதா மறுப்பதா என்பதே தேர்வு. இறுதியில் தமக்கு ஒரு தங்குமிடம் ஆயத்தம் செய்யும்படி கேட்டு, தாம் வந்து காண்பதற்கும் இடம் வைக்கிறார்.

ஓர் இணையவழிப் பாடத்தை ஏற்குமுன் நம் கல்லூரிகள் நான்கு வினாக்களைக் கேட்க வேண்டும். மாணவர் கேட்பதோடு நில்லாமல் தாமே எழுதவும் செய்யவும் இப்பாடம் எதைக் கேட்கிறது? அவர் செய்ததற்கு விடையிறுப்பவர் யார், எத்தனை நாளுக்குள்? அவர் ஊழியம் செய்யும் இடத்திலிருந்து இப்பாடத்துக்குள் எது வருகிறது? அவர் பிறரோடு கூடி, மறுத்துப் பேச இடமும் காப்பும் எங்கே? இவற்றுக்கு விடையில்லையெனில், எத்துணை நல்ல மென்பொருளும் அக்குறையை நிறைவாக்காது.

பொருட்செலவைவிடப் பெரியதொன்று இதில் அடங்கியுள்ளது. தாம் கற்ற காலத்தில் எவராலும் மறுக்கப்படாமல், எவருக்கும் விடையிறுக்காமல் சான்றிதழ் பெற்ற ஒருவர் நாளை பிரசங்க பீடத்தில் ஏறுவார். தாம் கற்ற முறையிலேயே அவர் கற்பிப்பார். அவர்முன் அமர்ந்திருக்கும் சபையும், நிறுத்தவோ நீங்கவோ மட்டும் இயன்ற கூட்டமாகிவிடும்.